இருதயத்தில் வைத்த வலையும் உள்ளே எழும் அழற்சியும்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், லூர்து மாதா திருநாளன்று நோயாளருக்கான திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



1858-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் தேவதாய் லூர்து மலைக்குகையில் பெர்னதெத்தம்மாளுக்குக் காட்சி தந்தார்கள். அந்நாளையே நோயாளருக்குரிய உலக நாளாக 1992-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் இந்நாளில் நோயாளரை ஆசீர்வதித்து, நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி, ரொட்டியும் தேநீரும் கொடுத்து அனுப்புவது நமது வழக்கம். இவ்வாண்டு பொன்விழா ஆண்டு. ஆதலின், ஆறுதலோடு நில்லாமல், உங்களுக்குப் பயன்படும் ஒரு காரியத்தைப் பேசுவோம் எனத் தீர்மானித்தோம்.

முதல் வெள்ளிதோறும் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு போகிறோம். அப்படிப் போகும் வீடுகளில் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களை உபதேசியார் எண்ணிப் பார்த்தார். 11 பேர் இருக்கிறார்கள். நடமாடிக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். உங்களில் பலர் அதை "ஸ்பிரிங்" என்பீர்கள், சிலர் "வலை" என்பீர்கள். இவர்களில் நாலைந்து பேராவது நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "சாமி, டாக்டர் உள்ளே இன்ஃப்ளமேஷன் இருக்குன்னு சொல்றாரு. அப்படின்னா வச்ச கம்பி புண்ணாகிப் போச்சா?" குருமடத்தில் நாம் தத்துவமும் இறையியலும் படித்தோமேயன்றி மருத்துவம் படிக்கவில்லை. ஆகையால் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டும், அவர்கள் தந்த கட்டுரைகளைப் படித்தும் விளங்கிக்கொண்டதையே சொல்லுகிறோம். உங்கள் உடம்புக்குரிய முடிவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்ஃப்ளமேஷன் என்பதற்குத் தமிழில் அழற்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழல் என்றால் நெருப்பு. உரோமை நாட்டில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சுஸ் என்பவர் அழற்சிக்கு நான்கு அடையாளம் எழுதி வைத்தார்: சிவத்தல், வீங்கல், சுடுதல், வலித்தல். காலில் கருவேல முள் ஏறியவர் எவருக்கும் இந்த நான்கும் தெரியும். முள்ளைக் கண்டதும் உடம்பு தன் காவல்காரர்களாகிய வெள்ளை அணுக்களை அவ்விடத்துக்கு அனுப்புகிறது, இரத்தம் பெருகி ஓடுகிறது, சுற்றிலும் வீங்குகிறது. இது நோயன்று, காயத்தை ஆற்ற உடம்பு எடுக்கும் முயற்சியே. அழற்சி இல்லாவிட்டால் புண் ஆறாது. ஆனால் அளவுக்கு மிஞ்சினாலோ, முடியவேண்டிய காலத்தில் முடியாமல் நீடித்தாலோ அதுவே கேடாகிறது. ஸ்டென்ட் வைத்தபின் நடப்பதும் இதுதான். அந்தக் கம்பி மருந்துக்காக வைத்ததா, முள்ளாய்க் குத்தியதா என்பது உடம்புக்குத் தெரியாது.

இருதயத்தின் குழாய்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர் விட்டமே உள்ளவை. அவற்றின் உட்சுவரில் ஒரே அடுக்காக மிக மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. மெழுகிய தரைபோல வழவழப்பானது. அந்தப் படலம் நன்றாய் இருக்கும்வரை அதன்மேல் ஓடும் இரத்தம் உறையாது. கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து அச்சுவரில் தடிப்பு உண்டாகிக் குழாய் அடைபடும்போது, மருத்துவர் கை மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ ஒரு பலூனை அங்கே கொண்டுபோய், கார் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் அழுத்தத்தைப்போல நாலைந்து மடங்கு அழுத்தத்தில் விரிக்கிறார். தடிப்பு நெரிந்து பிளக்கிறது, குழாய் அகலுகிறது, வலை சுவரோடு பதிகிறது. நெஞ்சுவலி நிற்கிறது. ஆனால் அந்த வழவழப்பான படலம் அவ்விடத்தில் உரிந்துபோகிறது. உரிந்த இடத்தில் முதலில் தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. அடுத்த மணி நேரங்களிலும் நாட்களிலும் வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. அதன்பின் வாரக்கணக்கில் குழாய்ச் சுவரின் தசை அணுக்கள் பெருகிக் கம்பியை மூடுகின்றன. கடைசியில் புதிய படலம் மேலே படருகிறது. கம்பி சுவருக்குள் அடங்கிப்போவதுதான் நல்ல முடிவு. மச்சு போடும்போது கம்பியின்மேல் கான்கிரீட் மூடுகிறதல்லவா, அதுபோல.

கான்கிரீட் கொஞ்சம் போதும். கூடிப்போனால் மறுபடி வழி அடைபடும்.

இந்தத் தொல்லையை மருத்துவர்கள் படிப்படியாகத்தான் கண்டறிந்தார்கள். 1977 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் முதன்முதலாக இருதயக் குழாய்க்குள் பலூனை விரித்தார். பலூன் மட்டும் போட்ட காலத்தில் பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குச் சில மாதங்களில் மீண்டும் அடைப்பு வந்தது. 1986-இல் பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புவெலும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிக் சிக்வார்ட்டும் இருதயக் குழாயில் முதல் ஸ்டென்ட்டுகளை வைத்தார்கள். அந்தப் பெயரின் வரலாறு வேடிக்கையானது. பல் அச்சு எடுக்க ஒருவகைப் பசையைச் செய்த இங்கிலாந்துப் பல் வைத்தியர் சார்லஸ் ஸ்டென்ட் என்பவரின் பெயரே சுற்றிச் சுற்றி இருதயத்துக்கு வந்து சேர்ந்தது. ஸ்டென்ட் வைத்தபின் குழாய் சுருங்குவது நின்றது. ஆனால் இரும்பின்மேல் தசை வளருவது நிற்கவில்லை. ஐந்தில் ஒருவருக்காவது மறுபடி அடைத்தது.

அதற்கு மருந்து எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு சிறு தீவு. 1722-ஆம் ஆண்டு பாஸ்கா ஞாயிறன்று டச்சு மாலுமிகள் அதைக் கண்டதால் ஈஸ்டர் தீவு என்று பெயர். அந்நாட்டார் அதை ராப்பா நூயி என்கிறார்கள். 1964-இல் கனடா நாட்டு மருத்துவக் குழு ஒன்று அங்கே போய் மண்ணை அள்ளி வந்தது. அம்மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து, இந்திய வம்சாவளியினரான சுரேன் சேகலும் அவருடைய துணைவர்களும் மொந்திரயால் நகர ஆய்வுக்கூடத்தில் ஒரு மருந்தைப் பிரித்தெடுத்து, தீவின் பெயராலேயே ராப்பாமைசின் என்று அழைத்தார்கள். படர்தாமரை போன்ற பூஞ்சைக்கு ஆகுமா என்று பார்க்கப் போனவர்கள், அது அணுக்களின் பெருக்கத்தையும் அழற்சியையும் அடக்கக் கண்டார்கள். (அக்காலத்தில் அத்தீவின் மக்களுக்கு ஞானமேய்ப்பராக இருந்தவர் செபஸ்தியான் எங்லெர்ட் என்ற கப்புச்சின் சபைத் துறவி, 1935 முதல் அங்கேயே தங்கி அம்மக்களின் மொழியையும் வரலாற்றையும் எழுதி வைத்தவர். அவர் காலடி பட்ட மண் இன்று எத்தனையோ இருதயங்களுக்குள் மருந்தாய் இருக்கிறது என்று நினைக்கையில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.) அந்த மருந்தைப் பூசிய ஸ்டென்ட்டுக்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நம் ஊர்களில் வைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கம்பியின் கனமும் குறைந்துகொண்டே வந்து, புதியவற்றில் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் அளவுக்கு வந்துவிட்டது. மீண்டும் அடைபடுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைந்துவிட்டார்கள். விலையும், 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தபின், ஏழைகளுக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கியது.

இனிமேல் சொல்வதைச் சற்றுக் கவனமாய்க் கேளுங்கள்.

தசை வளருவதைத் தடுக்கிற அதே மருந்து, மேலே புதிய படலம் படருவதையும் தாமதப்படுத்துகிறது. கம்பி மூடாமல் கிடக்கும் நாட்கள் நீளுகின்றன. முதலில் வந்த ஸ்டென்ட்டுகளில் மருந்தைப் பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் போன்ற பூச்சு, மருந்து கரைந்துபோன பிறகும் அங்கேயே தங்கிச் சிலருக்கு அழற்சியை நீடிக்கச் செய்தது. 2006-இல் பார்சலோனா நகரில் கூடிய ஐரோப்பிய இருதய மருத்துவர் மாநாட்டில், ஓராண்டுக்குப் பிறகும் சிலருக்குக் கம்பியின்மேல் திடீரென்று இரத்தம் உறைந்ததைப் பற்றிய செய்தி வெளியாகி உலகெங்கும் பெருங்கவலை உண்டாயிற்று. இப்போதைய பூச்சுகள் மேம்பட்டவை. எனினும் கம்பி மூடும்வரை இரத்தம் உறையாமல் காக்க வேறு காவல் வேண்டும். ஆஸ்பிரினும், அதோடு குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரிலாரும் அந்தக் காவல்காரர்கள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்குப் பெரும்பாலும் ஓராண்டு, மற்றவருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரத்தம் கசியும் அபாயம் உள்ளவருக்குக் குறைப்பதும் உண்டு. அதன்பின் ஒரு மாத்திரை பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுதும் தொடரும். அடைப்பு மெல்ல வந்தால் நெஞ்சுவலி வந்து எச்சரிக்கும், சிகிச்சை செய்ய நாள் இருக்கும். இரத்தம் உறைந்தாலோ நிமிடக்கணக்கில் குழாய் மூடிக்கொள்ளும், உயிருக்கே பேராபத்து. இதற்குப் பெருங்காரணங்களில் ஒன்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது.

இதைக் கேள்விப்பட்டு மட்டும் சொல்லவில்லை. நமது பங்கில் நல்ல உழைப்பாளி ஒருவர், ஐம்பத்திரண்டு வயது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் ஸ்டென்ட் வைத்து வந்தார். மூன்று மாதத்தில் பழையபடி வயல் வேலைக்குப் போனார். "உள்ளே அழற்சி" என்ற வார்த்தையைக் காதில் வாங்கியிருந்த உறவினர் ஒருவர், "அழற்சின்னா சூடு; இந்த மாத்திரையெல்லாம் உடம்புக்குச் சூடு; நிறுத்திட்டு இளநீரும் சீரகத் தண்ணியும் குடி" என்றார். அவரும் நிறுத்தினார். பதினேழாம் நாள் விடியற்காலை நம்மை அழைத்தார்கள். எண்ணெய் பூசி ஒப்புக்கொடுக்கத்தான் நேரம் இருந்தது. அந்த வீட்டார் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய சம்மதம் பெற்றே இதைச் சொல்லுகிறோம். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்று அந்த அம்மாளே நம்மைச் சொல்லச் சொன்னார்.

அழற்சி என்பது நாம் ஊரில் சொல்லுகிற உடம்புச் சூடு அன்று. இளநீர் குடிப்பதில் தப்பில்லை; சிறுநீரகக் கோளாறோ சில இரத்த அழுத்த மாத்திரைகளோ உள்ளவர் அதற்கும் டாக்டரைக் கேட்க வேண்டும். ஆனால் குழாய்க்குள் இருக்கும் கம்பிக்கும் இளநீருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. திரு இருதய ஆண்டவர் படத்தில் இருதயத்தின்மேல் தீச்சுடர் எரிவதைக் காட்டி, "ஆண்டவருக்கும் அதுதான் போல" என்று ஓர் ஆச்சி நம்மிடம் சொன்னார். சிரித்துவிட்டோம், ஆனாலும் அந்தச் சுடர் அன்பின் சுடர், ஆச்சி, உங்களுடையதற்கு மாத்திரை வேண்டும் என்றோம்.

மாத்திரை தவறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்லும் கடமை டாக்டரைவிட நமக்கே அதிகம். காலைப் பூசைக்கு வரும் பெரியவர்களில் சிலர், நன்மை வாங்குவதற்கு முன் மாத்திரை விழுங்கினால் உபவாசம் முறிந்துவிடும் என்று எண்ணி, பூசை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். சில நாள் மறந்தும் போகிறார்கள். உங்கள் சிறுவயதில் உங்கள் பெற்றோர், நடுஇரவு முதல் தண்ணீர்கூடப் பருகாமல் இருந்த காலத்தின் பழக்கத்தை உங்களுக்குக் கற்பித்தார்கள். அந்தப் பக்தியை நாம் மதிக்கிறோம். ஆனால் 1953-லேயே பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்று சொல்லிவிட்டார். 1957-இல் மூன்று மணி நேரமாயிற்று. 1964-இல் ஆறாம் சின்னப்பர் காலத்தில் ஒரு மணி நேரமாயிற்று. இன்றுள்ள திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் எண்படி தண்ணீரும் மருந்தும் எந்த நேரத்திலும் தடையில்லை. வயோதிகரும் நோயாளரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் உணவு உட்கொண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லியிருந்தால் இட்லியைச் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வாருங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய காரியம் அன்று அது.

சாம்பல் புதன் வருகிறது. ஒருசந்திச் சட்டம் 18 வயது நிறைந்தவர் முதல் 60-ஆவது வயது தொடங்கும்வரையே. அதற்குள்ளும் நோயாளரைக் கட்டுப்படுத்தாது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களும் மாத்திரையைப் பையில் அல்ல, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பையை வண்டியில் ஏற்றிவிட்டுப் பத்து மைல் முன்னே போய்விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பல் பிடுங்கவோ கண் அறுவைக்கோ போனால் ஸ்டென்ட் இருப்பதை முதலில் சொல்லுங்கள். நிறுத்தலாமா என்பதை இருதய மருத்துவரே சொல்லட்டும்.

சரி, அழற்சிதானே கேடு, அழற்சியை அடக்கும் வலி மாத்திரையைப் போட்டால் என்ன என்று படித்த வாலிபர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் மெடிக்கலில் சீட்டின்றி வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை அழற்சியைக் குறைப்பவைதாம். ஆயினும் அவை இரத்தம் உறையும் போக்கைக் கூட்டி, மாரடைப்புக்கு வழி செய்யக் கூடியவை. இந்த இனத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரையை இக்காரணத்தாலேயே 2004-இல் உலகமெங்கும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். டைக்ளோஃபெனாக்கை இருதயக் குழாய் நோயாளருக்குக் கொடுக்கலாகாது என்று 2013-இல் ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் விதித்தார்கள். ஐபுபுரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் தடுக்கும். இருதயத்தில் கம்பி உள்ளவர்கள், கடைக்காரர் கொடுக்கும் "காம்பினேஷன்" பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

சிலர் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, சி.ஆர்.பி. கூடியிருக்கிறது என்று பயப்படுகிறார்கள். 1930-இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட புரதம் அது. உடம்பில் எங்கே அழற்சி எழுந்தாலும் கல்லீரல் அதைச் சுரக்கிறது. ஸ்டென்ட் வைத்த இரண்டு மூன்று நாட்களில் அது ஏறுவது இயல்பு, பின் இறங்கும். சளிக்காய்ச்சலிலும் பல் ஈறு வீக்கத்திலும் ஏறும். எங்கே என்று அது சொல்லாது. மாதக்கணக்கில் இறங்காமல் நிற்பவருக்குப் பின்னாளில் தொல்லை வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். ஏனெனில் அழற்சி கம்பி வைத்த ஓரிடத்தில் மட்டும் இல்லை. மற்றக் குழாய்களின் சுவர்களிலும் கனன்றுகொண்டிருக்கும். ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறந்துவிடுகிறது. பாக்கி வழியெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அழற்சியையும் தணிக்கிறது. ஆகையால் கொழுப்பு அளவு சரியாகிவிட்டது என்று அதை நிறுத்துவதும் தப்பு.

அழற்சியை மட்டும் குறிவைத்த மருந்துகளையும் சோதித்தார்கள். 2017-இல் 10,061 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஓர் ஊசியால் மாரடைப்பு முதலியவை ஏறக்குறைய 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் தொற்றுநோயால் இறந்தோர் சற்றுக் கூடினார்கள். காவல்காரனை அதிகம் தூங்கவைத்தால் திருடன் வருவான் அல்லவா? அடுத்து வந்தது கொல்கிசின். கால் பெருவிரல் வீங்கும் வாத நோய்க்கு நெடுங்காலமாய்க் கொடுத்துவந்த மலிவான மருந்து. 2019, 2020-ஆம் ஆண்டுகளின் பெரிய ஆய்வுகளில் நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொடுத்ததில் நன்மை தெரிந்தது. 2023-இல் அமெரிக்காவில் இருதயத்துக்கென அனுமதியும் கிடைத்தது. ஆனால் 2024-இல் மாரடைப்பு வந்த 7,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வில் நன்மை காணவில்லை. எவருக்கு ஆகும், எவருக்கு ஆகாது என்று மருத்துவர்களே இன்னும் விவாதிக்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாய்ச் சொல்லுகிறோம் என்றால், அந்தக் கொல்கிசின் இருப்பது நமக்குத் தெரிந்த கண்வலிக்கிழங்கில். கார்த்திகைப் பூ, செங்காந்தள் என்பதும் அதுவே. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் பந்தல் போட்டு வளர்த்து விதையை மருந்துக் கம்பெனிக்கு விற்கிறார்கள். நம் பங்கு மக்களுக்கும் அப்பக்கம் உறவுகள் உண்டு. "இருதயத்துக்கு இதுதான் மருந்தாம்" என்று எவராவது கிழங்கையோ விதையையோ அரைத்துக் கொடுக்க வந்தால் வாங்காதீர்கள். அதைத் தின்று செத்தவர்கள் உண்டு. அரை மில்லிகிராம் என்பது அம்மியில் அளக்கும் அளவன்று.

பீடி, சிகரெட், புகையிலை பற்றிப் பிரசங்கத்தில் பலமுறை சொல்லியாயிற்று. குழாயின் உட்படலத்தை நாள்தோறும் சுரண்டுவது அதுதான் என்பதை மட்டும் இன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மீண்டும் அடைக்கும் வாய்ப்பு அதிகம். அவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். ஸ்டென்ட் வைத்த முதல் சில நாட்கள் நெஞ்சில் இலேசான வலி இருக்கலாம். குழாய் விரிந்ததால் வரும் வலி, பெரும்பாலும் தானே அடங்கும். முன்பு மாரடைப்பில் வந்ததுபோலவே அழுத்தி வலித்தாலும், வியர்த்துக் கொட்டினாலும், மூச்சு முட்டினாலும் 108-க்குச் சொல்லுங்கள். சாமியாருக்கு அதன்பின் சொல்லுங்கள். வண்டி எங்கே போகிறதோ அங்கே நாம் வந்து சேருவோம்.

சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். மருத்துவரையும் மருந்தையும் பற்றி அங்கே இருக்கிறது.

வரும் முதல் வெள்ளி முதற்கொண்டு நோயாளர் வீடுகளுக்கு நாம் வரும் நேரத்தை ஏழு மணியிலிருந்து எட்டரை மணிக்கு மாற்றியிருக்கிறோம். மாத்திரையும் காலை உணவும் முடிந்திருக்கட்டும். உபதேசியார் கையில் ஒரு சீட்டு இருக்கும். மாத்திரையின் பெயர், ஸ்டென்ட் வைத்த தேதி, எதுவரை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னது ஆகிய மூன்றையும் அதில் எழுதித் திரு இருதயப் படத்தின் கீழே ஒட்டி வைப்போம். எழுதத் தெரியாதவர்கள் மாத்திரை அட்டைகளை எடுத்து வையுங்கள், மரியாயின் சேனைப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.